தர்பூசணி இருந்த இடத்தில் ஒரு மனிதன்: 1997 ‘ஜாக்கல்’ ரீமேக் பற்றி ஒரு விவாதம்

கரிசல்காட்டான்:

ஃபிரெட் ஜின்னமன் இயக்கி 1973இல் வந்த ‘தி டே ஆஃப் தி ஜாக்கல்’ படத்தையும், மைக்கேல் கேட்டன்-ஜோன்ஸ் இயக்கத்தில் புரூஸ் வில்லிஸும் ரிச்சர்ட் கியரும் நடித்து 1997இல் வந்த ‘தி ஜாக்கல்’ படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். இரண்டாவது படம் முடிந்தபோது கோபம்தான் வந்தது. பணம் இருந்தது, நடிகர்கள் இருந்தார்கள், கையில் அருமையான திரைக்கதை இருந்தது. அத்தனையும் இருந்தும் முதல் படத்தின் உயிர் எதில் இருக்கிறது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அல்ஜீரியாவுக்கு விடுதலை கொடுத்ததற்காகப் பிரெஞ்சு அதிபர் சார்லஸ் டி கோல் மீது ஆத்திரம் கொண்ட ஓஏஎஸ் என்ற ரகசிய ராணுவ அமைப்பு, அவரைக் கொல்ல ‘ஜாக்கல்’ என்ற புனைபெயர் கொண்ட ஓர் ஆங்கிலேயக் கூலிக் கொலையாளியை அமர்த்துகிறது. கூலி ஐந்து லட்சம் டாலர். அவன் எப்படித் தயாராகிறான், லெபெல் என்ற போலீஸ் அதிகாரி அவனை எப்படி மோப்பம் பிடிக்கிறார் என்பதுதான் முழுப்படமும்.

1997 படத்தில் கூலி ஏழு கோடி டாலர். மாஸ்கோவில் நடந்த போலீஸ் சோதனையில் தம்பியைப் பறிகொடுத்த ஒரு மாஃபியா தலைவன் பழிவாங்க ஆள் வைக்கிறான். எஃப்பிஐ அதிகாரிகள் சிறையில் இருக்கும் முன்னாள் ஐஆர்ஏ (அயர்லாந்தின் ஆயுதக் குழு) ஆள் டெக்லன் மல்க்வீனை (கியர்) வெளியே எடுத்து, ஜாக்கலை (வில்லிஸ்) துரத்தச் சொல்கிறார்கள். மல்க்வீனுக்கும் ஜாக்கலுக்கும் பழைய பகை. அந்தப் பகையை உள்ளே கொண்டுவந்த இடத்திலேயே படம் செத்துவிட்டது என்பேன்.

ராத்திரிப்பறவை:

கரிசல் அண்ணே, ரொம்பக் கடுமையா இருக்கீங்க. நான் முதலில் பார்த்தது 1997 படத்தைத்தான், எனக்கு அது பிடிக்கும். ஆறு கோடி டாலரில் எடுத்து, உலகம் முழுக்கப் பதினைந்து கோடிக்கு மேல் வசூல் செய்த படம். ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள் இல்லையா?

இன்னொன்று, அது பழைய படத்தின் நகல் என்று நினைத்துப் பார்ப்பதே தப்பு. சோவியத் யூனியன் உடைந்த பிறகு வந்த ரஷ்ய மாஃபியா, எஃப்பிஐ, ஐஆர்ஏ என்று அந்தக் காலத்து உலகத்தைத்தான் அது எடுத்துக்கொண்டது. பழைய கதை நடக்கும் 1963 பாரிஸை 1997இல் திரும்ப எடுத்திருந்தால், எதற்கு இன்னொரு முறை என்று நீங்களே கேட்டிருப்பீர்கள்.

பகை இருந்தால் என்ன? லெபெலுக்கு ஜாக்கல் மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. அவர் வேலையைச் செய்கிறார், அவ்வளவுதான். மல்க்வீனின் காதலி இசபெல்லா ஜாக்கலால் சுடப்பட்டவள், வயிற்றில் இருந்த குழந்தையை இழந்தவள். அதனால் மல்க்வீன் ஓடும்போது நமக்கும் பதறுகிறது. உணர்ச்சி இருந்தால் படம் கெட்டுவிடுமா?

கரிசல்காட்டான்:

உணர்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை தம்பி. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. முதல் படத்தில் ஜாக்கலைப் பார்த்து பயப்படுவதற்குக் காரணமே, அவனுக்கு யார் மேலும் கோபம் இல்லை என்பதுதான். டி கோலை அவனுக்குப் பிடிக்கும் பிடிக்காது என்ற பேச்சே கிடையாது. துப்பாக்கி செய்து கொடுக்கும் ஜெனோவாக்காரர் வாயை மூடிக்கொண்டு வேலையைச் செய்கிறார், உயிரோடு போகிறார். போலி ஆவணம் செய்து தருபவன் பேராசைப்பட்டு மிரட்டுகிறான், சாகிறான். இரண்டையும் அவன் ஒரே முகத்தோடு செய்கிறான்.

1997 ஜாக்கல் என்ன செய்கிறான்? நடுவழியில் இசபெல்லாவைக் கொல்ல அவள் வீட்டுக்கு வருகிறான். அங்கே இருக்கும் ரஷ்ய அதிகாரி கோஸ்லோவாவைச் சுட்டுவிட்டு, ‘உன்னால் உன் பெண்களைக் காப்பாற்ற முடியாது’ என்று மல்க்வீனிடம் சொல்லும்படி செய்தி விட்டுப் போகிறான். ஏழு கோடி டாலர் வேலையைக் கையில் வைத்திருப்பவன், தன்னைத் துரத்துகிறவர்கள் இருக்கும் இடத்துக்கே தேடிப்போவானா? அந்த நிமிடத்தோடு அவன் தொழில்காரன் இல்லை, சாதாரண வில்லன். அதற்கப்புறம் அவன் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டினாலும் என்னால் நம்ப முடியவில்லை.

கோவை தீபா:

நான் கரிசல் அண்ணன் பக்கம்தான், ஆனால் இதை ஒரு காட்சியை வைத்துப் பேசினால் தெளிவாக இருக்கும். துப்பாக்கியைச் சோதித்துப் பார்க்கும் காட்சி இரண்டு படத்திலும் இருக்கிறது.

1973இல் ஆள் நடமாட்டமில்லாத ஒரு காட்டுப்பகுதி. ஜாக்கல் ஒரு தர்பூசணியை வலைப்பையில் போட்டு மரக்கிளையில் தொங்கவிடுகிறான். தூரம் நடந்து வந்து, இன்னொரு மரத்தில் துப்பாக்கியை அசையாமல் நிறுத்திச் சுடுகிறான். குண்டு சற்றுத் தள்ளிப் படுகிறது. சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து டெலஸ்கோப்பைத் திருகுகிறான், மறுபடி சுடுகிறான், மறுபடி திருகுகிறான். இசை கிடையாது, வசனம் கிடையாது. குறி சரியாக வந்த பிறகு வெடிக்கும் குண்டைப் போட்டு ஒரு தடவை சுடுகிறான். பழம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அந்தப் பழத்தின் உயரமும் அளவும் ஒரு தலையின் அளவு என்று யாரும் சொல்லவில்லை. நமக்கே தெரிந்து வயிற்றைப் பிசைகிறது.

1997இல் அந்த இடத்தில் ஜாக் பிளாக். துப்பாக்கிக்குத் தாங்கி செய்து கொடுத்த லாமண்ட் என்ற இளைஞன், கூடுதல் பணம் கேட்டு மிரட்டுகிறான். ஜாக்கல் அவனையே இலக்காக நிறுத்துகிறான். கை பிய்ந்து போகிறது, அப்புறம் அவனும் போகிறான். துப்பாக்கி செய்பவர், மிரட்டும் போலி ஆவணக்காரன் என்று முதல் படத்தில் இருந்த இரண்டு பேரை ஒரே ஆளாகச் சேர்த்துவிட்டார்கள். அதோடு தர்பூசணியையும் சேர்த்துவிட்டார்கள். ரத்தம் காட்டியாகிவிட்டது, ஆனால் க்ளைமாக்ஸுக்கு வைத்துக்கொள்ள எந்தப் பயமும் மிச்சமில்லை.

ராத்திரிப்பறவை:

தீபா அக்கா, அந்தக் காட்சி எனக்கு 1997 படத்திலேயே மறக்க முடியாதது. வில்லிஸ் சத்தம் போடாமல், லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே ஒருவனைக் கொல்கிறார். அந்தக் குளிர்ச்சி பழைய ஜாக்கலாக நடித்த எட்வர்ட் ஃபாக்ஸுக்குச் சளைத்தது இல்லை. காரின் கதவுப் பிடியில் விஷம் தடவி, திருட வந்தவன் தானாகச் செத்து விழும் காட்சியும் அப்படித்தான். கை அழுக்காகாமல் கொல்வது என்பது அந்தப் படம் புதிதாகக் கொண்டுவந்த விஷயம்.

கத்தரிக்கோல்:

கதவுப் பிடி காட்சி நன்றாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. நான் படத்தொகுப்பு வேலையில் இருப்பவன் என்பதால் வேறொன்றைச் சொல்கிறேன்.

1973 படத்தைத் தொகுத்தவர் ரால்ஃப் கெம்ப்லன். அதற்காக பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருது வாங்கினார், ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டார். 143 நிமிடப் படம். ஜார்ஜ் தெலெருவைப் போன்ற பெரிய இசையமைப்பாளர் இருந்தும், தொடக்கத்துக்குப் பிறகு பின்னணி இசை என்று ஏறக்குறைய எதுவும் கிடையாது. அப்படியும் நீளம் தெரியவில்லை என்றால் காரணம் என்ன? ஒவ்வொரு காட்சியிலும் நமக்கு ஒரு புதுத் தகவல் கிடைக்கிறது, கிடைத்தவுடன் வெட்டுகிறார்கள். இறந்துபோன ஒரு குழந்தையின் கல்லறைக்குப் போகிறான், பெயரைப் பார்க்கிறான். அடுத்து அந்தப் பெயரில் பிறப்புச் சான்றிதழ், அடுத்து பாஸ்போர்ட். எதையும் விளக்கமாட்டார்கள், நாமே கோத்துக்கொள்ள வேண்டும். பார்ப்பவனுக்கு வேலை கொடுக்கும் படம் அது.

போலீஸ் பக்கமும் அப்படித்தான். ஹோட்டல்களில் தங்குகிறவர்கள் எழுதிக்கொடுத்த சீட்டுகளை நாடு முழுக்க ராத்திரியோடு ராத்திரியாகச் சேகரித்துக் கொண்டுவந்து புரட்டுகிறார்கள். துப்பறிதல் என்றால் காகிதத்தோடு மல்லுக்கட்டுவது என்பதை இவ்வளவு சுவையாகக் காட்டிய படம் எனக்குத் தெரிந்து குறைவு.

124 நிமிட 1997 படத்தில் நமக்குத் தெரிய வேண்டியதையெல்லாம் யாராவது ஒருவர் இன்னொருவருக்கு அறைக்குள் நின்று விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஜாக்கல் அடுத்து என்ன செய்வான் என்பதை மல்க்வீன் ஊகித்துச் சொல்கிறார், அது அப்படியே நடக்கிறது. எப்படி ஊகித்தார்? அவனைத் தெரியுமாம். இது துப்பறிதல் இல்லை, ஜோசியம்.

வாசகன்77:

1973 படத்துக்கு மூலமான ஃபோர்சைத்தின் நாவல் 1971இல் வந்தது. அதை முன்வைத்து ஒரு விஷயம்.

ஃபிரெடரிக் ஃபோர்சைத் அறுபதுகளின் தொடக்கத்தில் ராய்ட்டர்ஸ் நிருபராகப் பாரிஸில் இருந்தவர். 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸை ஒட்டிய பெத்தி-கிளமாரில் டி கோல் போய்க்கொண்டிருந்த சிட்ரோயன் காரைச் சல்லடையாகச் சுட்டார்கள். அவர் தப்பினார். திட்டம் போட்ட பாஸ்தியன்-தீரி என்ற விமானப்படை அதிகாரி 1963 மார்ச் 11 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். நாவலும் படமும் தொடங்குவது இந்த நிஜச் சம்பவத்தில்தான். அதற்கப்புறம் வருவதுதான் கற்பனை.

பதிப்பாளர்கள் பலர் இந்த நாவலைத் திருப்பி அனுப்பினார்கள். காரணம், டி கோல் கொலை செய்யப்படவில்லை என்று எல்லோருக்கும் தெரியும், முடிவு தெரிந்த கதையை யார் படிப்பார்கள் என்பது. டி கோல் 1970 நவம்பரில் இயற்கையாகத்தான் இறந்தார். இப்படி முடிவு தெரிந்த கதையிலேயே கடைசிப் பக்கம் வரை பதற வைத்தார்கள் என்றால், அந்தப் பதற்றம் ‘நடக்குமா’ என்பதில் இல்லை, ‘எப்படி’ என்பதில் இருக்கிறது. எங்கே தவறும், யார் கவனிப்பார்கள், எந்தக் காகிதம் காட்டிக்கொடுக்கும் என்பதில்.

ரீமேக்காரர்கள் இதைத் தலைகீழாகப் பிடித்தார்கள். குறி எஃப்பிஐ இயக்குநர் என்று நம்ப வைத்து, கடைசியில் அதிபரின் மனைவி என்கிறார்கள். பதற்றத்தை விட்டுவிட்டுத் திடுக்கிடலைப் பிடித்திருக்கிறார்கள். திடுக்கிடல் ஒரு தடவைதான் வேலை செய்யும். இரண்டாம் தடவை பார்க்கும்போது அந்தப் படத்தில் என்ன இருக்கிறது?

அப்புறம் இதையும் சொல்ல வேண்டும். ஜின்னமனும் ஃபோர்சைத்தும் இந்த ரீமேக்கை எதிர்த்தார்கள். பழைய தலைப்பை முழுதாக வைக்கக்கூடாது என்று போராடித்தான் ‘தி ஜாக்கல்’ என்று சுருங்கியது. டைட்டிலில் பழைய படத்துக்குத் திரைக்கதை எழுதிய கென்னத் ராஸ் பெயர் வரும், ஃபோர்சைத் பெயர் வராது. ஜின்னமன் 1997 மார்ச்சில் காலமானார், படம் நவம்பரில் வந்தது.

ராத்திரிப்பறவை:

வாசகன் சார், படைத்தவர் எதிர்த்தார் என்பதாலேயே ஒரு படம் மோசமாகிவிடாது. அது வேறு வழக்கு.

‘நடக்குமா’ என்ற கேள்வியே இல்லாத படத்தை ரசிக்கலாம் என்று நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி இருக்கும் படம் தாழ்ந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? அதிபரின் மனைவி மேடையில் பேசுகிறார், எதிரே வேன் நிற்கிறது, வேனுக்குள் ரிமோட்டில் இயங்கும் கனரக இயந்திரத் துப்பாக்கி. அவருக்கு என்ன ஆகும் என்று நிஜமாகவே நமக்குத் தெரியாது. டி கோல் காட்சியில் அந்தப் பயம் இருக்க முடியாதே.

சரி, இன்னொன்று கேட்கிறேன், நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். பழைய படத்தில் பெண்கள் யார்? கோலெத் என்ற சீமாட்டி, ஜாக்கல் அவளோடு இரண்டு முறை தங்குகிறான், கழுத்தை நெரிக்கிறான். தெனீஸ், ஓஏஎஸ் சொன்னபடி ஓர் அதிகாரியோடு படுத்து ரகசியம் கறக்கிறாள். இரண்டு பேருக்கும் சொந்தமாக ஒரு குணம் உண்டா? கோஸ்லோவாவைப் பாருங்கள். முகத்தில் தழும்போடு, யாருக்கும் காதலியாக இல்லாமல், தன் வேலையில் முழு அதிகாரத்தோடு நிற்கும் ஒரு மேஜர். டயான் வெனோரா அதில் எவ்வளவு கண்ணியமாக நடித்திருக்கிறார்!

கோவை தீபா:

கோஸ்லோவா பற்றி நீ சொன்னது முழுக்கச் சரி, அந்தப் படத்தில் நான் நம்பிய ஒரே ஆள் அவர்தான். அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம். அப்படி ஒரு பாத்திரத்தை உருவாக்கிவிட்டு எதற்குப் பயன்படுத்தினார்கள்? மல்க்வீனுக்கு ரோஷம் வருவதற்காகக் கொன்றார்கள். ‘உன் பெண்கள்’ என்ற வார்த்தையில் மேஜர் கோஸ்லோவாவும் ஒரு சாமான் ஆகிவிட்டார். அவருடைய பதவி, அனுபவம் எல்லாம் அந்த ஒரு வசனத்தில் போய்விட்டது.

கோலெத்துக்குக் குணம் இல்லை என்பதை ஏற்க முடியாது. தெல்ஃபீன் செரிக் நடித்த காட்சிகளைத் திரும்பப் பார். போலீஸ் தன்னிடம் விசாரித்துவிட்டுப் போனதை அவளே அவனிடம் சொல்கிறாள். ஆபத்து என்று தெரிந்தும் அவனை விரட்டவில்லை, கேள்வி கேட்கிறாள். ஏன் கேட்கிறாள் என்று படம் விளக்கவில்லை. சில நிமிடங்களில் ஒரு முழு மனுஷியின் தனிமை அங்கே தெரிகிறது. தெனீஸ் விஷயத்தில் நீ சொல்வது நியாயம், அந்தப் பாத்திரத்துக்கு இன்னும் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

மலபார் எக்ஸ்பிரஸ்:

எல்லோரும் ஹாலிவுட்டிலேயே நிற்கிறீர்கள். பாலக்காட்டுப் பக்கம் வாருங்கள். 1988இல் சிபி மலயில் இயக்கத்தில், எஸ்.என். சுவாமி எழுதி, மம்மூட்டி நடித்த ‘ஆகஸ்ட் 1’ என்ற மலையாளப் படம் இதே ‘ஜாக்கல்’ கதையைத் தழுவியதுதான். டி கோல் இருக்கும் இடத்தில் ஒரு கேரள முதலமைச்சர். கட்சிக்குள்ளேயே இருக்கும் எதிரிகள் கூலிக் கொலையாளியை அமர்த்துகிறார்கள், கேப்டன் ராஜு அந்த வேடத்தில். மம்மூட்டி பெருமாள் என்ற போலீஸ் அதிகாரி. கொலைக்குக் குறித்த நாள், ஆகஸ்ட் 15.

அதற்கு ஹாலிவுட் பட்ஜெட் கிடையாது, உலக நாடுகள் கிடையாது. ஆனாலும் கதையின் எலும்பை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் கொலையாளி சத்தமில்லாமல் தயாராகிறான், இன்னொரு பக்கம் போலீஸ் ஒவ்வொரு அடியாக நெருங்குகிறது. பெருமாளுக்கும் கொலையாளிக்கும் முன்பகை எதுவும் கிடையாது. இடத்தை மாற்றினார்கள், அரசியலை மாற்றினார்கள், முறையை மாற்றவில்லை. கேரளத்தில் இன்றைக்கும் அந்தப் படத்தைப் பேசுகிறார்கள், 2011இல் பெருமாளை வைத்து ‘ஆகஸ்ட் 15’ என்று இன்னொரு படமும் வந்தது.

அதனால், பழைய பாரிஸையே திரும்ப எடுக்க முடியுமா என்று ராத்திரிப்பறவை கேட்டதற்குப் பதில் அங்கே இருக்கிறது. காலத்தையும் ஊரையும் மாற்றலாம், தாராளமாக மாற்றலாம்.

கரிசல்காட்டான்:

மலபார் சொன்னது எனக்குப் பெரிய பலம். நான் சொல்ல வந்ததும் அதுதான், மாற்றியதற்காக நான் சண்டை போடவில்லை.

லெபெலைப் பற்றி மட்டும் விட்டுவிட முடியவில்லை. தனிப்பட்ட கோபம் இல்லாத ஹீரோவுக்காக எப்படிப் பதறுவது என்று தம்பி கேட்டான். மைக்கேல் லான்ஸ்டேல் அந்தப் பாத்திரத்தைச் செய்த விதத்தைப் பார்க்க வேண்டும். தூக்கம் இல்லாத முகம், கசங்கிய கோட்டு. தினமும் மந்திரிகள் கூட்டத்தில் போய் நின்று அறிக்கை கொடுக்க வேண்டும். அங்கே அவர்தான் சின்ன ஆள். ரகசியம் வெளியே கசிகிறது என்று புரிந்ததும், ஒருநாள் ஒலிநாடாவைப் போட்டுக் காட்டுகிறார். தெனீஸின் குரல் கேட்கிறது. ஒரு பெரிய அதிகாரி எழுந்து வெளியே போகிறார். யாருடைய போனை ஒட்டுக்கேட்க வேண்டும் என்று உனக்கு எப்படித் தெரிந்தது என்று மந்திரி கேட்கிறார். தெரியாது, அதனால் எல்லோருடைய போனையும் ஒட்டுக்கேட்டேன் என்கிறார் லெபெல், குரலை உயர்த்தாமல்.

இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் புல்லரிக்கிறது. கூடியிருந்த மந்திரிகள் அத்தனை பேரையும் அந்தச் சின்ன மனிதர் சந்தேகித்திருக்கிறார். அதைச் செய்ய அவருக்குக் காதலி சாக வேண்டியிருக்கவில்லை, பழைய பகை வேண்டியிருக்கவில்லை. வேலையில் நாணயமாக இருப்பதே ஒரு மனிதனை ஹீரோ ஆக்கும் என்று அந்தப் படம் நம்புகிறது. ரீமேக் அதை நம்பவில்லை. எஃப்பிஐயின் துணை இயக்குநராக சிட்னி பாய்ட்டியே இருக்கிறார், தியேட்டருக்கு வந்த அவருடைய கடைசிப் படம். அவரைக் கையில் வைத்துக்கொண்டு, கியரின் பின்னால் நிற்க வைத்திருக்கிறார்கள். லெபெலின் இடத்தில் பாய்ட்டியேவை நிறுத்தியிருந்தால் நான் இந்தத் திரியையே தொடங்கியிருக்க மாட்டேன்.

ராத்திரிப்பறவை:

பாய்ட்டியே விஷயத்தில் உங்களோடு கை கோக்கிறேன் அண்ணே, அவருக்கு அந்தப் படம் நியாயம் செய்யவில்லை.

ஆனால் வில்லிஸை நீங்கள் யாருமே சரியாகப் பார்க்கவில்லை. அவர் அப்போது உலகத்துக்கே தெரிந்த ஹீரோ. சிரித்துக்கொண்டே ஊரைக் காப்பாற்றும் ஆள். அந்தச் சிரிப்பை முழுக்க எடுத்துவிட்டு இப்படி ஒரு வேடம் செய்வது சின்ன விஷயமா? மாறுவேடங்கள் சில ஒட்டவில்லை என்றாலும், அந்த வெறுமையான கண்கள் எனக்கு நிஜமாகவே பயம் கொடுத்தன.

கத்தரிக்கோல்:

வில்லிஸ் முயற்சி செய்திருக்கிறார், சரி. பிரச்சினை அவர் நடிப்பில் இல்லை, முகத்தில் இருக்கிறது. ஜின்னமன் தெரிந்த முகம் வேண்டாம் என்று நினைத்துத்தான் எட்வர்ட் ஃபாக்ஸைப் போட்டார். கூட்டத்தில் கரைந்துபோகிறவன்தான் ஜாக்கல். தலைமயிர் நிறத்தை மாற்றி, கண்ணாடி போட்டால் அவன் டென்மார்க் பள்ளி ஆசிரியர், கடைசியில் ஒரு கால் இழந்த வயதான போர்வீரர். ஒவ்வொன்றையும் நாம் நம்புகிறோம். வில்லிஸ் எந்த விக் போட்டாலும் முதலில் கண்ணில் படுவது வில்லிஸ்தான். எல்லைக் காவலர் எப்படி ஏமாந்தார் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது.

அந்த ஊன்றுகோலையும் யோசித்துப் பாருங்கள். துப்பாக்கியைத் துண்டு துண்டாகக் குழாய்களுக்குள் அடைத்து, போலீஸ் வளையத்துக்கு நடுவில் நொண்டிக்கொண்டு நடந்து போகிறான். ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான் போட முடியும். சுடுகிறான். அந்த நொடியில் ஒரு வீரருக்குப் பதக்கம் குத்திவிட்டு முத்தம் கொடுக்க டி கோல் குனிகிறார், குண்டு தப்புகிறது. அடுத்த குண்டைப் போடுவதற்குள் லெபெல் கதவருகே. குண்டு ஒன்றே ஒன்று என்பதால்தான் அந்தக் குனிதலுக்கு அத்தனை கனம். நூற்றுக்கணக்கில் குண்டு பொழியும் துப்பாக்கியை வேனில் வைத்துவிட்டால், தப்பியது அதிர்ஷ்டம் மாதிரிகூடத் தெரியாது, திரைக்கதை எழுதியவரின் தயவு மாதிரி தெரியும்.

ராத்திரிப்பறவை:

இயந்திரத் துப்பாக்கி அந்தக் கதைக்கு அதிகம் என்பதை இப்போதும் நான் ஏற்கவில்லை. 1997இல் ஒரு தலைவரைச் சுற்றி இருக்கும் பாதுகாப்பில் ஊன்றுகோலோடு ஒருவன் மாடிக்குப் போக முடியாது. தூரத்தில் இருந்துகொண்டு இயக்குவதுதான் வழி.

2024இல் எடி ரெட்மெய்ன் நடித்து பத்து பகுதிகளாக வந்த தொடரைப் பார்த்தீர்களா? அதில் ஜாக்கலுக்கு ஸ்பெயினில் மனைவி, குழந்தை, வீடு எல்லாம் இருக்கிறது. உங்கள் கணக்குப்படி அதுவும் கதையைக் கெடுத்ததாகத்தானே ஆகும்?

கோவை தீபா:

அந்தத் தொடரை முழுக்கப் பார்த்தேன். குடும்பக் காட்சிகள் இழுவைதான். ஆனால் அவன் துப்பாக்கியைப் பிரித்து மறைத்துக் கொண்டுபோவது, தூரம் கணக்கிடுவது, காத்திருப்பது எல்லாவற்றுக்கும் அங்கே நேரம் கொடுத்திருக்கிறார்கள். அந்த இடங்களில் பழைய படத்தின் வாசனை வருகிறது. அதனால் 1997 படத்தைவிட அதற்கு ஒரு படி மேல் இடம் கொடுப்பேன்.

வாசகன்77:

தொடரைப் பற்றித் தனித் திரி தொடங்கலாம், அதில் பேச நிறைய இருக்கிறது. ராத்திரிப்பறவை, பழைய படத்தைக் கடைசியாக எப்போது பார்த்தாய்? முழுக்க வேண்டாம், ஜெனோவாவில் துப்பாக்கிக்காரராக நடித்த சிரில் குசாக்கிடம் துப்பாக்கி செய்யச் சொல்லும் காட்சியை மட்டும் பார். எவ்வளவு தூரத்தில் சுடுவீர்கள், ஆள் நகர்ந்துகொண்டிருப்பாரா நின்றுகொண்டிருப்பாரா, தலையா மார்பா என்று அந்தப் பெரியவர் தையல்காரர் அளவெடுப்பது மாதிரி மரியாதையாகக் கேட்பார். அதற்கு இணையாக 1997 படத்தில் உனக்குத் தோன்றும் ஒரு காட்சியைச் சொல், பேசுவோம்.

ராத்திரிப்பறவை:

இந்த வாரமே பார்க்கிறேன் சார். என் தரப்பில் கதவுப் பிடி விஷக் காட்சியை வைக்கிறேன். விஷத்தைத் தடவுவதிலிருந்து திருடன் விழுவது வரை ஒரு விளக்கமும் கிடையாது, கத்தரிக்கோல் அண்ணன் கேட்ட மாதிரியே நாமேதான் கோத்துக்கொள்கிறோம். இதற்குப் பதில் சொல்லுங்கள்.